பிச்சாவரக் கழியும் தில்லை மரமும்

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் மரத்தான் வந்தது என்பது யாவரும் அறிந்ததே. அம்மரமே அத்தலத்தின் மரமாகவும் போற்றப்படுகின்றது. ஆயினும் நகரைச் சூழ இன்று தில்லைக் காடு இல்லை. அதனைக் காண விழைவார் நகரினின்றும் கிழக்கே கிள்ளை வழியாகச் சென்று, பிச்சாவரத்து உவர்நீர்க் கழியின் கரையை அடைதல் வேண்டும். பெயர் ஓரிடத்தும் மரம் பிறிதோரிடத்துமாக நிற்கும் இவ்விடைவெளியைக் கண்டோர் இருவகையாக முடிபு கூறுவர். பெயர் தோன்றிய நாளில் கடல் நகரின் அருகுவரை வந்திருந்தது என்பார் ஒரு சாரார். தில்லைவனம் என்பது தலபுராணம் புனைந்த காடேயன்றி மண்ணில் நின்ற காடன்று என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் கழியை நேரிற் காணாமையான் எழுந்த முடிபுகள் என்பது எம் கருத்து. கழியின் மரமும் புள்ளும் விலங்கும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைக் கண்டு, அவற்றைச் சங்கச் செய்யுட்கள் கூறுவனவற்றோடு ஒருங்கு வைத்து நோக்கின் உண்மை ஒருவாறு புலப்படும்.

பிச்சாவரக் கழி வடக்கே வெள்ளாற்று முகத்திற்கும் தெற்கே கொள்ளிட முகத்திற்கும் இடையில் உள்ளது. பரப்பு ஏறத்தாழ 1,100 எக்டேர். கிழக்கே நீண்ட மணற்றிட்டு ஒன்று கழியையும் வங்கக் கடலையும் பிரிக்கின்றது. சின்னவாய்க்கால் எனப்படும் முகத்தின் வழியே கடல்நீர் உட்புகும். மேற்கிலிருந்து உப்பனாறும் கான்சாகிபு கால்வாயும் வயல்களின் வடிநீரைக் கொண்டுவரும். ஓதம் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு உட்பட்டது; நீரின் ஆழமும் பல இடங்களில் அவ்வளவே. இத்துணைச் சிறிய ஏற்ற இறக்கமே ஐம்பதிற்கு மேற்பட்ட சிறு திட்டுக்களையும் அவற்றிடையே கிளைத்தோடும் வாய்க்கால்களையும் வாழ்விக்கின்றது. குறுகிய வாய்க்கால்களில் இருகரை மரங்களும் மேலே கைகோத்து நிற்ப, படகு பசும்பந்தரின் கீழ்ச் செல்வதுபோலச் செல்லும். ஓதம் வடியுங்கால் நீர் விலகிக் கருஞ்சேறு தோன்றும். சேற்றில் ஒரு கொடுக்குப் பெருத்த சிறு நண்டுகள் அளைகளினின்றும் வெளிப்பட்டு ஊரும். துடுப்பைக் காலாகக் கொண்டு தாவும் சிறுமீன்கள் வேர்களின்மேல் ஏறியமரும்.

இங்குள்ள மரங்கள் தாறுமாறாக நிற்பனவல்ல. வாய்க்காலின் விளிம்பில் சுரபுன்னை என்று இவ்வூரார் வழங்கும் மரம் குறுகிய வரிசையாக நிற்கும். வில்போல வளைந்து சேற்றிற் பாயும் தாங்குவேர்களும், தாய்மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய்போலத் தொங்கும் நாற்றுக்களும் இதனை எளிதிற் காட்டும். இதன் இருவகைகள் கலந்து தோன்றிய கலப்பினம் ஒன்று 1990களில் இங்குக் கண்டறியப்பெற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கப்பெறுகின்றது. அதன் பின்புறம், பரப்பின் பெரும்பகுதியைக் கவிந்து நிற்பது வெண்கண்டல். இதற்குத் தாங்குவேர் இல்லை; சேற்றினின்றும் எழுதுகோல்போல நிமிர்ந்த மூச்சுவேர்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும். இதற்கும் மேலே, ஓதம் நாடோறும் ஏறாத மேட்டு விளிம்பில் தில்லையும், உவர்மண் வெளியில் உமரியும் காணப்பெறும். கழுதைமுள்ளி இவ்விடையிடங்களில் புதராகப் படரும். நீரினின்றும் நிலத்தை நோக்கிய இவ்வைப்பு முறையே இக்கட்டுரையின் முடிபுக்கு அடிப்படை ஆதலின், படிப்போர் இதனை மனத்துட் கொள்வாராக.

கண்டல் என்னும் சொல்லை முதற்கண் நோக்குவாம். அகராதிகள் இதற்குத் தாழை என்றும் பொருள் கூறும். அது பிற்கால வழக்காயின் ஆகுக. குறுந்தொகை 117ஆம் பாட்டில் வரும் கண்டல் தாழை அன்று. அங்கே, மாரிக்காலத்து ஆம்பல்போன்ற கொக்கின் பார்வைக்கு அஞ்சிய ஈர நண்டு, கயிற்றை அறுத்தோடும் எருதுபோலக் கண்டல் வேரிடையுள்ள தன் அளைக்கு விரைகின்றது. தாழைக்கும் தாங்குவேர் உண்டென்பது மெய்யே. ஆனால் அது பெரும்பாலும் மணலில் நிற்பது. கொக்கு நின்று இரைதேரும் ஈரச் சேறும், நண்டின் அளையும், வேர்ச்செறிவும் ஒருங்கு அமைவது கழியின் மரத்திடத்தேயாம். பிச்சாவரத்தில் ஓதம் வடிந்த எந்தப் பொழுதிலும் இக்காட்சியைக் காணலாம், உரை வேண்டுவதில்லை.

முண்டகம் இன்னொரு சொல். இதனையும் தாழை என்பாருளர். கலித்தொகை 133ஆம் பாட்டு முண்டகத்தைத் தில்லையோடு சேர்த்து மணல்மேட்டில் மலரவைத்து, தாழையை அதனின் வேறாக, பழந்தூங்கும் முடமரமாகக் கூறுகின்றது. அப்பழத்திற்கு இறைவன் மரத்திடத்துத் தூக்கிய கரகம் உவமையாகின்றது. ஒரே பாட்டில் இருபெயரும் இருபொருளாக வருதலின், முண்டகம் தாழை என்பது அங்குச் செல்லாது. மதுரைக்காஞ்சி முண்டகத்தின் பூவை நீலமணியின் நிறத்ததாகக் கூறும். கழுதைமுள்ளியின் பூ நீலச்சாயல் உடையது, இலை முள்ளுடையது. எனவே முண்டகத்தைக் கழுதைமுள்ளியாகக் கொள்வார் கொள்கை நிலத்தோடு பொருந்துகின்றது.

இனித் தில்லை. இது நடுத்தர உயரமுடைய மரம். ஆணும் பெண்ணும் வேறுவேறு மரமாக நிற்கும். உதிர்வதன்முன் இலைகள் செந்நிறம் கொள்ளும். அப்பொழுது பசுங்காட்டிடையே இம்மரம் தொலைவிலேயே தெரியும். இலையையோ கிளையையோ ஒடித்தால் வெண்பால் வடியும். அப்பால் உடம்பிற் பட்டால் புண்ணாகும். கண்ணிற் பட்டால் பார்வைக்குக் கேடு. 1759இல் லின்னேயசு இதற்கு எக்சுகோகாரியா அகல்லோச்சா என்று பெயரிட்டார். முற்பகுதி குருடாக்குவது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. பிற்பகுதி அகில் மரத்திற்குக் கிரேக்கர் வழங்கிய பெயர். தில்லைக்கும் அகிலுக்கும் உறவு யாதும் இல்லை. மேலைநாட்டார் மயங்கி இட்ட பெயர் நிலைத்துவிட்டது. நம் புலவர் இவ்வகை மயக்கத்திற்கு ஆளாகவில்லை என்பதை நினைக்க மகிழ்ச்சியே.

புறநானூறு 252ஆம் பாட்டு, முன்னர் இல்லறத்தில் சிறந்திருந்து பின்னர்த் தவம் பூண்ட ஒருவனது நிறம் மாறிய சடைக்குத் தில்லையை உவமை கூறுகின்றது. அவன் இருப்பது அருவி வீழும் இடம். உவமையோ கழிக்கரை மரம். குறிஞ்சிப்பாட்டிலும் மலைநாட்டு மகளிர் குவிக்கும் பூக்களுள் தில்லை வருகின்றது. இவை இரண்டும் மரம் நாடறிந்தது என்பதைக் காட்டுமேயன்றி, அது நின்ற இடத்தை அறுதியிட உதவா. பூக்களைத் திணை கடந்து தொகுத்தல் குறிஞ்சிப்பாட்டின் இயல்பு.

இடத்தைக் காட்டும் சான்று நற்றிணை 195இல் உள்ளது. கரிய கழியில் கொழுமீனை நிறையத் தின்ற நீர்நாய்க் குருளை, தில்லைப் புதரிற் சென்று துயில்கொள்கின்றது என்பது அப்பாட்டின் தொடக்கம். இக்கூற்றைச் சற்று நின்று நோக்கல் வேண்டும். உண்ணும் இடம் கழி. உறங்கும் இடம் தில்லைப் பொதும்பு. இரண்டும் அண்மையன, ஆனால் ஒன்றல்ல. நீர்நாய் துயில்வதற்கு உலர்ந்த நிலம் வேண்டும். ஓதம் நாள்தோறும் ஏறும் சேற்றில் அது கிடவாது. ஆகவே புலவர் தில்லையை ஓதம் எட்டாத மேட்டில் வைக்கின்றார். கலித்தொகையும் அதனை உயர்ந்த மணலின்மேல் வைத்தது முன்னர்க் கண்டோம். இன்றைய மரநூலாரும் தில்லையைக் கழிக்காட்டின் நிலப்புற வரிசையைச் சார்ந்ததாகவே வகுப்பர். ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் இரு சாட்சிகளும் ஒருபடியாகச் சொல்லுகின்றன.

நீர்நாயைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சங்கச் செய்யுட்களில் அது பெரும்பாலும் வாளைமீன் உண்ணும் மருதநில விலங்காக வருதலின், நற்றிணைப் பாட்டில் கழிக்கு அதனைக் கொணர்ந்தது திணைமயக்கம் என்று கருதுவார் இருக்கலாம். அது வேண்டா. காவிரியில் இன்றும் வாழும் வழுவழுத்த மயிருடைய நீர்நாய் நன்னீரிலும் உவர்க்கழியிலும் ஒருங்கே இரைதேர வல்லது. புலவர் மரபால் மயங்கவில்லை, கண்டதைச் சொன்னார்.

புள்ளினம் பற்றியவரை இவ்வளவு தெளிவாக முடிபு செய்ய இயலாது. கார்த்திகை மார்கழியில் இக்கழிக்கு வடநாடுகளினின்றும் உள்ளான் வகைகளும் ஆலாக்களும் கடற்புறாக்களும் வந்து பங்குனி வரை தங்கும். கொக்கும் நாரையும் வக்காவும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் ஆண்டு முழுதும் உள. இவற்றுள் ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பத்துப் பாட்டுப் பாடிய சிறுவெண்காக்கை யாது? கடற்புறா என்பது ஒரு கொள்கை. குறுந்தொகை 334 அதனைச் செவ்வாய் உடையதாகவும், பெருந்தொகுதியாக இருப்பதாகவும், அலைத்திவலை நனைக்கக் குளிரை வெறுப்பதாகவும் கூறும். அலகு சிவந்து, பனிக்காலத்தில் திரளாகக் கரையில் ஒடுங்கும் கடற்புறாவிற்கு இது முற்றும் ஏற்கும். ஆனால் ஐங்குறுநூறு 162இல் அப்புள் கழியில் இரைதேர்ந்து உண்டு, பூ மணக்கும் பொதும்பரிற் சென்று தங்குகின்றது. கடற்புறா மரச்செறிவில் தங்கும் இயல்பினதன்று; மணற்றிட்டிலும் நீரின்மேலுமே இரவைக் கழிக்கும். மாலையில் கழிமரங்களிற் கூட்டமாக அடையும் புட்களுள் காக்கை என்னும் பெயர்க்கு நேரே உரியது சாம்பற் கழுத்துடைய ஊர்க்காக்கையே. அதற்கோ செவ்வாய் இல்லை. இருபாட்டையும் ஒரு பறவைக்கே வலிந்து பொருத்துவதினும், கடற்கரையில் வெண்மை கலந்து தோன்றிய ஒன்றின் மேற்பட்ட புட்களுக்கு இப்பெயர் வழங்கிற்று என்று கொள்ளுதல் நேரிது. பறவைப் பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரே இலத்தீன் பெயரைத் தேடும் முயற்சி பலவிடத்துப் பயன் தந்ததேனும், ஈண்டு இடறுகின்றது.

இனி ஊர்ப்பெயருக்கு வருவாம். ஏழாம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் பாடுங்கால் தில்லை என்னும் பெயர் நன்கு வேரூன்றியிருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் கோயிற்புராணத்தில் தில்லைவனத்தை விரித்துரைத்தார். ஆகவே புராணம் பெயரைப் படைத்தது என்பார் காலமுறையை மறந்தார். இருக்கும் பெயருக்கே புராணம் கதை கண்டது.

கடல் நகரருகே இருந்தது என்னும் முதற்கொள்கை இதனினும் வலியது. ஆதலின் அதனை நிதானமாக மறுத்தல் வேண்டும். சிதம்பரம் இன்று கடலினின்றும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உள்ளது. காவிரிப் படுகையில் கடற்கரைக்கு இணையாகக் கிடக்கும் பழைய மணல்மேடுகள் கடல் பின்வாங்கியதைக் காட்டுவது உண்மை. ஆனால் அவை பேசும் காலக்கணக்கு பல்லாயிரம் ஆண்டுகளது. தேவார காலத்திற்கு அதனைக் கொண்டுவந்து ஒட்டுதல் ஏலாது. மேலும், தில்லை இருந்த இடமெல்லாம் கடல் இருந்திருக்கவேண்டும் என்னும் நியதியே இல்லை. அது அலையோரத்து மரமன்று. கழிக்காட்டின் நிலப்புற மரம். உவர் கலந்த ஈரநிலமும், ஆண்டில் ஒரோவொருகால் ஏறும் ஓதமும் அதற்குப் போதும். வெள்ளாற்றிற்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் உப்பாறுகள் மேற்கு நோக்கி நெடுந்தொலைவு ஊடுருவுதல் இயல்பு. அவற்றின் தலைப்பகுதிகளைத் தழுவித் தில்லைக்காடு நகர்வரை நீண்டிருந்தது என்று கொள்வதற்குக் கடலை நகர்த்தவேண்டுவதில்லை.

இதற்கு ஊர்ப்பெயரும் துணைசெய்கின்றது. சிதம்பரத்திற்கும் கிள்ளைக்கும் இடைப்பட்ட பகுதியில் தில்லைவிடங்கன் என்னும் ஊர் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழிசைப் பாடல்கள் இயற்றிய மாரிமுத்தாப் பிள்ளை பிறந்த ஊர் அது. தெற்கே முத்துப்பேட்டைக் கழியின் நிலப்புறத்தில் தில்லைவிளாகம் என்னும் ஊர் இருத்தலும் கருதத்தக்கது. அக்கழியிலும் தில்லை மரம் உண்டு. இரண்டு கழிகள், இரண்டின் நிலப்புறத்தும் தில்லைப் பெயர். எனினும் இதனை மிகைப்படுத்தல் ஆகாது. தில்லைவிளாகத்தில் நடராசர் கோயில் இருத்தலின் பெயர் சிதம்பரத்தைப் பின்பற்றி வந்தது எனவும், தில்லைவிடங்கன் என்பது இறைவன் பெயர் எனவும் தடை கூறலாம். மரமும் பெயரும் நிலமும் ஒருங்கு அமைந்தபோதே பெயர் சான்றாகும்.

நகர்வரை நீண்ட காடு ஏன் மறைந்தது என்பதற்கு விடை காண்பது அரிதன்று. கழிக்காட்டில் சேற்று நடுவே நிற்கும் மரத்தை வெட்டி வயலாக்க எவரும் முற்படார். நிலப்புற விளிம்போ உழவுக்கு எட்டுவது. நன்னீர் பாய்ச்சி உவரைக் கழுவினால் நெல் விளையும். ஆகவே உழவு கிழக்கு நோக்கிப் பரந்தபோது முதலில் அழிந்தது தில்லை வரிசையே. நகருக்குப் பெயர் தந்த மரம், நகர் வாழ்ந்தமையாலேயே பின்வாங்கிற்று.

எஞ்சிய காட்டின் பிற்கால வரலாறும் இதனோடு தொடர்புடையது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. பாசனம் பெருகிற்று; கழிக்கு வரும் நன்னீரும் வண்டலும் குறைந்தன. ஆங்கிலேயர் ஆட்சிக்காலம் முதல் 1970கள் வரை இக்காடு பகுதி பகுதியாக முற்ற வெட்டப்பெற்றது. வெட்டிய இடம் மீண்டும் தழைக்கும் என்பது அம்முறையின் எதிர்பார்ப்பு, நடந்தது வேறு. மரம் இழந்த சேறு வெயிலிற் காய்ந்து தாழ்ந்தது. தாழ்ந்த தொட்டியில் ஓதநீர் புகுந்து வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று, உப்பு மிகுந்தது, விதை வீழ்ந்தும் முளைக்கவில்லை. ஆடுமாடு மேய்ந்ததும் கரையோர மக்கள் விறகு வெட்டியதுமே அழிவிற்குக் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. காரணம் மண்ணின் தாழ்வும் தேக்கமுமே என்று கண்டபின், 1990களில் தமிழ்நாட்டு வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் அத்தொட்டிகளை இயற்கை வாய்க்கால்களோடு இணைக்கும் கால்களை, மீன்முள் வடிவில், வெட்டின. ஓதம் வந்து மீளவே உப்புக் குறைந்து காடு மீண்டது. குற்றம் சாட்டப்பெற்ற மக்களே அவ்வேலையில் பங்குகொண்டனர். அவர்களுள் இருளர் மகளிர் இன்றும் பறியை வாயிற் கவ்விக்கொண்டு, சேற்று நீரிற் கைகளால் தடவி இறால் பிடிப்பர். கழியின் ஆழமேறும் தாழும் இடங்களை அவர்கள் அறிந்த அளவு எழுத்தில் எவரும் பதிந்திலர்.

நற்றிணைப் புலவர் பலகாலும் கண்டலை ஊருக்கு வேலியாகக் கூறுவர். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபின் அவ்வேலி புதுப்பொருள் பெற்றது. பரங்கிப்பேட்டைக் கரையின் 18 குடியிருப்புக்களை ஆராய்ந்து 2005இல் வெளிவந்த கட்டுரை, காட்டின் பின்னிருந்த ஊர்களில் இழப்புக் குறைவு என்றது. அவ்வூர்கள் கடலினின்றும் தொலைவிலும் மேட்டிலும் இருந்தமையே காரணமாகலாம் என்று 2006இல் மறுப்பு வந்தது. கழிக்குக் கிழக்கே கடலோர மணற்றிட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு பேரிழப்புக்கு உள்ளாயிற்று. அதற்கும் கடலுக்கும் இடையே மரம் இல்லை என்பதும் உண்மை, அது கடலை ஒட்டியிருந்தது என்பதும் உண்மை. புலவர் கூறிய வேலி கடற்பேரலைக்கு எழுந்த அரண் என்று அச்செய்யுட்களினின்றும் கொள்ள இடமில்லை. படப்பையைச் சூழ்ந்த எல்லை என்ற அளவிலேயே அவர் சொல் நிற்கின்றது. பாட்டின் புகழ் கருதி அதன்மேல் இக்காலச் செய்தியை ஏற்றுவது ஆராய்ச்சியாகாது.

பிச்சாவரம் 1987இல் காப்புக்காடாயிற்று. 2022இல் இராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பெற்றது. ஆயினும் மீட்புப் பணியில் நடப்பெற்றது பெரும்பான்மையும் வெண்கண்டலே. உப்பைப் பெரிதும் தாங்குவது அது. நன்னீர் குறைந்த கழியில் அதுவே ஓங்குதல் இயல்பு. தில்லை வரிசைக்கு வேண்டிய மேட்டு விளிம்போ ஒருபுறம் வயலாலும் ஒருபுறம் இறால் பண்ணையாலும் நெருக்கப்பெற்றுள்ளது. காப்பின் எல்லை நீர்ப்புறத்தை வளைத்த அளவிற்கு நிலப்புறத்தை வளைக்கவில்லை.

தில்லைக்காட்டின் பழைய எல்லையை அறுதியிடச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மகரந்தத் துகள்கள் சேற்றிற் படிந்து நெடுங்காலம் அழியாதிருக்கும். புதுவைப் பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த கரத்தினி, பிளாசுகோ, தணிகைமணி ஆகிய மூவரும் பிச்சாவரத்துச் சேற்றின் துகள்களை அங்கு நிற்கும் மரங்களோடு ஒப்பிட்டு 1973இல் ஆய்ந்துள்ளனர். அம்முறையைக் கழியினின்றும் மேற்கே, கிள்ளைக்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட வயல்களின் அடிமண்ணுக்குக் கொண்டுசெல்லலாம். ஆங்குக் கவனிக்கத்தக்கது: சுரபுன்னையின் மகரந்தம் காற்றிற் பரவி மிகுதியாகப் படியும், தில்லைக்குத் தேனீ முதலிய பூச்சிகளே துணையாதலின் அதன் துகள் சிறிதே வீழும். எனவே தில்லைத் துகள் அருகிக் காணப்பெற்றால் அதனைக் காடின்மைக்குச் சான்றாகக் கொள்ளாது, நின்ற மரங்களின் பிற துகள்களோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும். கிழக்குக் கோபுரத்தினின்றும் தில்லைவிடங்கன் வரையுள்ள தாழ்வயல்கள் இவ்வாய்வுக்கு முதற்கண் உரியன.